சன்னலுக்கு வெளியே காடு: ஒரு மலைப்பூங்காவின் வரவேற்பு நிலையத்தை வாசித்தல்

1

கோயில், அருங்காட்சியகம், பாடநூல், மக்கள்தொகைக் கணக்கு - இவற்றையெல்லாம் அதிகாரத்தின் பிரதிகளாக வாசிக்க நாம் ஓரளவு பழகிவிட்டோம். சுற்றுலா வரவேற்பு நிலையத்தை மட்டும் கழிப்பறையும் வரைபடமும் கிடைக்கிற இடம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு மலையை எப்படிப் பார்க்க வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும், பார்க்கும்போது எதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் நமக்குக் கற்றுத் தரப்படுகிறது. மலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனாண்டோ தேசியப் பூங்கா இப்படி வாசிக்கத் தோதான இடம். ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் முகட்டில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் பூங்கா, சுமார் 2,00,000 ஏக்கர். அதன் முதுகெலும்பாக 105 மைல் நீளத்துக்கு 'ஸ்கைலைன் டிரைவ்' என்ற சாலை. அந்தச் சாலையின் 51ஆம் மைலில், 'பிக் மெடோஸ்' என்கிற பெரும் புல்வெளிக்கு எதிரே பேர்ட் பார்வையாளர் மையம் இருக்கிறது. 1966இல் திறக்கப்பட்ட கட்டடம். 2007இல் இதற்குள் ஒரு புதிய நிரந்தரக் காட்சி வைக்கப்பட்டது. 'லட்சோப லட்சம் பேருக்கு ஒரு நாள் பயணத் தொலைவில்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பூங்கா உருவாக்கப்பட்டபோது மலைமக்கள் வெளியேற்றப்பட்டதையும், கறுப்பினத்தவர் தனியே ஒதுக்கப்பட்டதையும் இந்தக் காட்சி மறைக்காமல் பேசுகிறது. ஒரு அரசுத்துறை தன் சொந்தச் சுவரில் தன் மீதான குற்றச்சாட்டை எழுதி மாட்டி வைத்திருக்கிறது என்றால், அது எப்படி நிகழ்ந்தது, எவ்வளவு தூரம் நிகழ்ந்தது, இனி எவ்வளவு நாள் நிற்கும் என்பவைதான் இக்கட்டுரையின் கேள்விகள்.

2025 ஆகஸ்டில் அங்கே போயிருந்தேன். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அக்கா மகன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனான். 'மாமா, சட்டுனு பாத்துட்டு வந்துருங்க, பனி இறங்கிட்டா வியூ ஒண்ணும் தெரியாது' என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வியூவுக்காகத்தான் இந்த ஏற்பாடே. உள்ளே ஒரு பக்கம் தகவல் மேசை, புத்தகக் கடை. இன்னொரு பக்கம் காட்சிக்கூடம். புல்வெளியைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிச் சன்னல்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் மேசைக்கும் சன்னலுக்கும் போனார்கள். காட்சிக்கூடத்துக்குள் நின்று வாசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2

முதலில் கதையைச் சொல்லிவிடலாம்.

1920களில் அமெரிக்காவின் பெரிய தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் மேற்கில் இருந்தன. எல்லோஸ்டோன் 1872இலேயே வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரை நகரங்களின் ஜனத்திரளுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1924இல் உள்துறைச் செயலர் தெற்கு அப்பலாச்சியன் பகுதியில் இடம் பார்க்க ஒரு குழுவை அமைத்தார். அந்தக் குழுவின் கவனத்தை ப்ளூ ரிட்ஜ் பக்கம் திருப்பியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஃப்ரீமேன் பொல்லாக். இவர் மலைமேல் 'ஸ்கைலேண்ட்' என்ற உல்லாச விடுதியை நடத்தியவர். அதாவது பூங்காவின் முதல் வக்கீலே ஒரு விடுதி முதலாளி. 1926இல் காங்கிரஸ் பூங்காவுக்கு அனுமதி அளித்தது. அப்போது வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்த ஹாரி பேர்ட் இதைத் தன் மாநிலத்தின் வளர்ச்சித் திட்டமாகவே முன்னெடுத்தார். கார், பெட்ரோல், சாலை, சுற்றுலா வருமானம் - இதுதான் கணக்கு. ஏக்கருக்கு 6 டாலர் கொடுத்து 'ஒரு ஏக்கர் வாங்குங்கள்' என்று பொதுமக்களிடம் வசூலும் நடந்தது.

ஆனால் அந்த ஏக்கர்களில் ஆட்கள் இருந்தார்கள். மேற்கத்திய மாநிலங்களில் போல இது மத்திய அரசின் நிலம் கிடையாது. ஆயிரக்கணக்கான துண்டுகளாகத் தனியார் கையில் இருந்த நிலம். பூங்காவுக்காக நிலம் வாங்க மத்திய அரசு பணம் தராது, மாநிலமே வாங்கி இனாமாகத் தரவேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொருவரிடமும் பேரம் பேசி முடியாது என்று தெரிந்தபின், 1928இல் வர்ஜீனியா சட்டமன்றம் பூங்காவுக்கென்றே தனி நில எடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. தனித்தனி வழக்குகளாக இல்லாமல் மாவட்டம் மாவட்டமாக ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொள்ள வழிசெய்தது அந்தச் சட்டம். எட்டு மாவட்டங்கள் இதன்கீழ் வந்தன. திட்டமிட்ட பரப்பு 5,21,000 ஏக்கரிலிருந்து 3,27,000 ஆகவும், பிறகு 1,60,000 ஆகவும் சுருங்கியதே தவிர, கோட்டுக்குள் அகப்பட்டவர்களுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

தொடக்கத்தில், குடியிருப்பவர்கள் அப்படியே இருந்துவிடலாம் என்ற நம்பிக்கை மலையில் இருந்தது. 1934 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையின் இயக்குநர் ஆர்னோ கேமரர் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்: ஆட்கள் எல்லோரும் போன பிறகுதான் நிலத்தை ஏற்போம். ராபர்ட் வையா என்ற நில உரிமையாளர் உச்சநீதிமன்றம் வரை போய் 1935இல் தோற்றார். அந்த ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி பூங்கா முறைப்படி பிறந்தது. 1936 ஜூலை 3ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிக் மெடோஸில் வந்து நின்று அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

500க்கு மேற்பட்ட குடும்பங்கள் கிளம்பின. நிலத்துக்குப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வாரத்துக்கும் குத்தகைக்கும் இருந்தவர்கள், பத்திரமே இல்லாமல் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் - இவர்களுக்கு நிலத்துக்கென்று ஒரு சல்லிக்காசும் இல்லை. ஒரு சிலரை மீள்குடியேற்றத் துறை அடிவாரத்தில் கட்டிய வீடுகளில் கடனுக்குக் குடிவைத்தது. ஒரு சில முதியவர்கள் மட்டும் ஆயுள் முடியும்வரை இருந்துகொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களில் கடைசியானவரான ஆனி ஷெங்க் 1979இல் இறந்தார். போக மறுத்தவர்களும் உண்டு. சாலையோரத்தில் பெட்ரோல் பங்கும் சிற்றுண்டிக் கடையும் வைத்திருந்த மெலாங்தன் கிளைசர் என்பவரை 1935இல் கைவிலங்கிட்டு இழுத்துப் போனபோது அவர் அமெரிக்க தேசிய கீதத்தைப் பாடினார். தேசத்தின் பெயரால் வெளியேற்றப்படுகிறவன் தேசத்தின் பாட்டையே திருப்பிப் பாடுவது என்பது கோட்பாட்டு நூல்கள் எதுவும் சொல்லித் தராத எதிர்ப்பு. காலி செய்யப்பட்ட வீடுகள் பல பிரிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன.

3

ஆட்களை வெளியேற்றுவதற்கு முன்னால் அவர்களை ஒரு மாதிரி 'எழுத' வேண்டியிருக்கிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்வதைப் பற்றி ஃபூக்கோவை வைத்து நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஷெனாண்டோவில் அது ஒரு புத்தகமாகவே கைக்குக் கிடைக்கிறது.

1933இல் வெளியான 'ஹாலோ ஃபோக்' என்ற நூல் அது. மலைமடிப்புகளுக்கு நடுவே கிடக்கும் சிறு பள்ளத்தாக்குகளை அங்கே 'ஹாலோ' என்பார்கள். மாண்டல் ஷெர்மன் என்ற உளவியலாளரும் தாமஸ் ஹென்றி என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து ஐந்து ஹாலோக்களின் மக்களை ஆராய்ந்து, அந்த ஐந்தையும் நாகரிகத்தின் ஏணிப்படிகளாக அடுக்கிக் காட்டினார்கள். ஆகக் கீழ்ப்படியில் இருப்பவர்கள் வெளியுலகம் அறியாதவர்கள், எழுத்தறிவற்றவர்கள், காலத்தில் உறைந்துபோனவர்கள் என்பது சித்திரம். 1935 அக்டோபரில் மீள்குடியேற்றத் துறைக்காக ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற இளம் புகைப்படக்காரர் அதே மலைகளுக்கு வந்து எடுத்த படங்களும் இந்தச் சித்திரத்தோடு சேர்ந்துகொண்டன. வறுமையைக் கண்டு இரங்க வைக்கும் படங்கள்தான். ஆனால் அந்த இரக்கம் அவர்களை அங்கிருந்து கிளப்பிவிடுவதற்கான நியாயமாகவும் ஆனது. இவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டால் வெளியேற்றம் நலத்திட்டம் ஆகிவிடுகிறது இல்லியா?

ஆகக் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட ஊர் உண்மையில் கார்பின் ஹாலோ. அது பொல்லாக்கின் விடுதிக்கு மிகவும் பக்கத்தில் இருந்த ஊர். அதன் மக்கள் விடுதியில் கூலிவேலை செய்தார்கள். விருந்தாளிகளுக்குக் கூடை பின்னி விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பூஞ்சை நோய் செஸ்ட்நட் மரங்களை அழித்தபோது, கொட்டையும் பட்டையும் விற்றுக் கிடைத்த காசு மலை முழுக்கவே நின்றுபோயிருந்தது. பிறகு பொருளாதார மந்தம் வந்தது, விடுதிக்கு ஆள் வரத்தும் குறைந்தது. அவர்களுடைய வறுமைக்குக் காரணம் உலகத்தோடு தொடர்பே இல்லாதது அல்ல. சந்தையோடு, அதிலும் சுற்றுலாச் சந்தையோடு, கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். நவீனத்தின் விளைவை நவீனத்துக்கு முந்தையதாகக் காட்டுவது பழைய தந்திரம்.

1990களில் ஆட்ரி ஹார்னிங் என்ற தொல்லியலாளர் நிக்கல்சன், கார்பின், வீக்லி ஆகிய மூன்று ஹாலோக்களில் ஆய்வு செய்தார். மருந்துப் புட்டிகள், குளிர்பானப் புட்டிகள், கடைப் பொம்மைகள், கிராமபோன் இசைத்தட்டின் துண்டுகள், கார் பாகங்கள் என்று கிடைத்தன. இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்த ஜனத்தைத்தான் காலத்தில் உறைந்தவர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய ஒரு தேதி உண்டு: 1924 மார்ச் 20. அன்று ஒரே நாளில் வர்ஜீனியாவில் இரண்டு சட்டங்கள் கையெழுத்தாயின. ஒன்று, 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதிக்கும் சட்டம். இன்னொன்று, வெள்ளையர் பிறரை மணப்பதைத் தடைசெய்த 'இனத்தூய்மை'ச் சட்டம். முதலாவதை 1927இல் கேரி பக் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. கேரி பக்கின் ஊரான சார்லட்ஸ்வில் இந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் வர்ஜீனியாவில் சுமார் 8,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. மலையிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த சிலரும் லிஞ்ச்பர்க்கில் இருந்த அதே காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டாவது சட்டத்தைக் காட்டி, இந்த மலைகளின் பழங்குடிகளான மொனக்கன் மக்களை 'பழங்குடி' என்றே பதிய முடியாதபடி ஆவணங்களில் நிறத்தை மாற்றி எழுதினார்கள். 1967இல் இனத்தூய்மைச் சட்டம் செல்லாது என்றானது. மொனக்கன்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்ததோ 2018இல்தான்.

ஆக, 'ஷெனாண்டோவின் பூர்வகுடிகள்' என்று வெள்ளை மலைமக்களை மட்டும் நிறுத்தி அழுவதும் சரியாகாது. அவர்களுடைய முன்னோர் உழுத நிலம் ஏற்கெனவே இன்னொருவர் வெளியேறிய நிலம். வெளியேற்றங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாம் எந்த அடுக்கிலிருந்து கதையைத் தொடங்குகிறோம் என்பதும் அரசியல்தான்.

4

'ஹாலோ ஃபோக்' புத்தகத்துக்கு மறுப்பு பூங்காவின் சொந்த ஆவணக் கிடங்கிலேயே கிடந்தது. காலி செய்வதற்குமுன் தற்காலிக அனுமதியில் தங்கியிருந்த மலைமக்கள் 1934க்கும் 1938க்கும் இடையில் பூங்கா அதிகாரிகளுக்கு எழுதிய சுமார் 300 கடிதங்கள் அவை. காத்ரினா பவல் என்ற ஆய்வாளர் 2007இல் இவற்றைப் பற்றி ஒரு நூலும், 2009இல் கடிதங்களைத் தொகுத்து ஒரு நூலும் வெளியிட்டார்.

அந்தக் கடிதங்களில் கேட்கப்படுபவை மிகச் சின்ன விஷயங்கள். பழைய வீட்டின் சன்னலைக் கழற்றிக்கொள்ளலாமா, போட்ட வெள்ளாமையை அறுத்துக்கொண்டு போகலாமா, பட்டுவிழுந்த மரத்தை விறகுக்கு எடுக்கலாமா, பக்கத்தில் காலியான வீட்டின் பலகை கிடைக்குமா. நேற்றுவரை தன்னுடையதாக இருந்த கதவுக்கு இன்றைக்கு மனுப்போட வேண்டியிருந்தது. பல மனுக்களுக்கு மறுப்புதான் பதில். சட்டப்படி அந்தக் கதவு இப்போது இயற்கையின் சொத்து, அதாவது அரசின் சொத்து.

எழுத்துப்பிழை நிறைந்தவை உண்டு, நல்ல ஆங்கிலத்தில் எழுதியவையும் உண்டு. கெஞ்சல் இருக்கிறது, நையாண்டி இருக்கிறது, சட்டம் பேசுவது இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரனைப் போட்டுக் கொடுப்பதும் இருக்கிறது. மலைமக்கள் எல்லோரும் ஒன்றுபோல் அப்பாவிகள் என்று கட்டமைக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கடிதங்கள் வசதிப்படாது. அடித்தள மக்கள் வரலாறு எழுதுகிறவர்கள், அடித்தள மக்களின் குரல் ஆவணங்களில் கிடைக்குமா என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். இங்கே கிடைக்கிறது - ஆனால் மனு என்ற வடிவத்தில், அதிகாரியை 'ஐயா' என்று விளித்துக்கொண்டு. அந்த வடிவத்தையும் சேர்த்துத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

1994இல் வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் 'ஷெனாண்டோவின் பிள்ளைகள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் பாட்டன் பூட்டன்களைப் பற்றிப் பூங்கா சொல்லிவந்த கதையை மாற்ற வேண்டும், ஆவணங்களைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். வரவேற்பு நிலையத்தின் இன்றைய காட்சி தானாகக் கனிந்து விழுந்த பழம் இல்லை. தொல்லியலும், ஆவண வாசிப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக வாரிசுகளின் நச்சரிப்பும் சேர்ந்து 13 ஆண்டுகளில் வாங்கிய இடம் அது. எட்டு மாவட்டங்களிலும் ஒரு புகைபோக்கியைக் கட்டி, நிலம் இழந்த குடும்பங்களின் பெயர்களைப் பொறித்து வைக்கும் முயற்சி 2010களில் தொடங்கியது. வீடு எரிந்தபின்னும் நிற்பது கல்லால் கட்டிய புகைபோக்கிதான். அதனால் புகைபோக்கி.

5

இனி கட்டடத்தை வாசிப்போம்.

வரவேற்பு நிலையத்தின் பெயர் ஹாரி பேர்டினுடையது. பூங்காவுக்காகப் பாடுபட்டவர் என்ற வகையில் அது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் பிற்காலத்தில் செனட்டராக இருந்த இதே பேர்ட்தான், பள்ளிகளில் நிறப்பிரிப்பு கூடாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்து 1956இல் 'பெருந்திரள் எதிர்ப்பு' என்ற இயக்கத்தை முன்னின்று நடத்தியவர். கறுப்புப் பிள்ளைகளோடு வெள்ளைப் பிள்ளைகள் உட்காருவதைவிடப் பள்ளியை மூடுவது மேல் என்று போன அரசியல் அது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அவர் பெயர் தாங்கிய கூரைக்குக் கீழேதான் நிறப்பிரிப்பைப் பற்றிய காட்சி இருக்கிறது.

காட்சி சொல்லும் செய்தி இது: 1939இல் பூங்காவின் 57ஆம் மைலுக்கு அப்பால் லூயிஸ் மலையில் 'நீக்ரோக்களுக்கான பகுதி' ஒன்று திறக்கப்பட்டது. தனி விடுதி, தனிக் கூடாரத்திடல். மத்திய அரசின் நிலம், எல்லோருக்குமான பூங்கா, ஆனால் மாநிலத்தின் வழக்கம் செல்லும். 1940களில் படிப்படியாகத் தளர்ந்து, 1950இல்தான் நிறப்பிரிப்பு முழுதாக முடிவுக்கு வந்தது. காட்சிக்குள் நிறப்பிரிப்பு 'கடந்தகாலம்'. கதவுக்கு மேலே அதன் தளபதியின் பெயர் நிகழ்காலம். இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. ஒரு நிறுவனம் தன்னைத் தானே விமர்சித்துக்கொள்வதன் எல்லை எது என்பதை எந்த வாசகத்தையும்விட இந்தப் பெயர்ப்பலகை தெளிவாகக் காட்டுகிறது. சுவரில் மாற்றலாம், வாசலில் முடியாது.

அடுத்தது சன்னல். சன்னலுக்கு வெளியே தெரியும் புல்வெளியைப் பார்த்து எல்லோரும் 'இயற்கை' என்கிறார்கள். அந்தப் புல்வெளி அப்படியே விட்டால் காடாகிவிடும். வெட்டியும் தீ வைத்தும்தான் அதைப் புல்வெளியாக வைத்திருக்கிறார்கள். மலைமக்களின் மேய்ச்சலும் இதுபோன்ற திறந்த வெளிகளை உண்டாக்கியதுதான். அவர்கள் செய்தால் காட்டை அழித்தது, துறை செய்தால் நிலக்காட்சிப் பராமரிப்பு. சுற்றியிருக்கும் காடும் அப்படித்தான். 1933 முதல் வேலையில்லா இளைஞர் படை முகாமிட்டு மரம் நட்டு, சரிவு திருத்தி, சாலையோரத்தை அழகுபடுத்திய நிலம் அது. 1976இல் பூங்காவின் ஐந்தில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 80,000 ஏக்கர், சட்டப்படி 'கன்னிக்காடு' ஆனது. 40 ஆண்டுகளுக்குமுன் சோளம் விளைந்த நிலம், ஆப்பிள் தோட்டம் இருந்த நிலம், சுடுகாடுகள் இன்றும் உள்ளே கிடக்கிற நிலம். 'கன்னி' என்பது இயற்கையின் நிலை அல்ல, அது ஒரு சட்டப்பிரிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எதைப் பாதுகாத்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஜனாதிபதி ஹூவர் மீன்பிடித்து ஓய்வெடுக்கக் கட்டிய ராப்பிடான் முகாமின் சில கட்டடங்கள் பூங்காவுக்குள் இன்றும் பத்திரமாகப் பேணப்படுகின்றன. மலைக்காரரின் வீடுகளில் நிக்கல்சன் ஹாலோவில் ஜார்ஜ் கார்பின் கட்டிய மரவீடு போல அரிதாக ஒன்றிரண்டுதான் எஞ்சின. அதுவும் இப்போது மலையேறிகள் வாடகைக்குத் தங்கும் விடுதி. ஜனாதிபதியின் வீடு வரலாறு. குடியானவனின் வீடு குப்பை, அல்லது வாடகை அறை.

அப்படியானால் பூங்காவே வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த முடிவுக்கு நான் வரவில்லை. மீண்டுவந்த கரடியும், ஓடையும், கோடிக்கணக்கானோர் காசு பார்க்காமல் மூச்சுவிட ஒரு மலையும் அற்ப விஷயங்கள் அல்ல. தனியார் கையில் விட்டிருந்தால் முகடு முழுக்க விடுதிகளாகவும் வேலிபோட்ட மனைகளாகவும் போயிருக்கும். கேள்வி வேறு: இந்தப் பொதுநன்மைக்கான விலையை யார் கொடுத்தார்கள், அவர்களிடம் கேட்டார்களா, கொடுத்ததற்குக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது. வரவேற்பு நிலையம் என்பது குறைந்தபட்சம் அந்தக் கணக்குப் புத்தகமாக இருக்க வேண்டும்.

6

அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2025 மார்ச் 27 அன்று அமெரிக்க ஜனாதிபதி, அமெரிக்க வரலாற்றில் 'உண்மையை மீட்பது' என்ற பெயரில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதைத் தொடர்ந்து மே மாதம் உள்துறைச் செயலரின் உத்தரவு வந்தது. நாடு முழுவதும் தேசியப் பூங்காக்களில் அறிவிப்புப் பலகை வைத்து, கடந்தகால அமெரிக்கர்களையோ இன்று வாழும் அமெரிக்கர்களையோ குறைத்துப் பேசுகிற வாசகங்கள் எங்காவது இருந்தால் பார்வையாளர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்கச் சொன்னார்கள். நிலக்காட்சியின் அழகையும் மகத்துவத்தையும் அழுத்திச் சொல்லத் தவறுகிற வாசகங்களும் அதில் சேர்த்தி.

இந்த இரண்டாவது பிரிவைத்தான் நாம் நின்று வாசிக்க வேண்டும். வரலாற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? அழகை வைப்பது. மனிதர்களைப் பற்றிப் பேசாதே, மலையைப் பற்றிப் பேசு. 1930களில் மலையிலிருந்து மனிதர்களை அகற்றிய அதே வாக்கியம் 90 ஆண்டுகள் கழித்துச் சுவரிலிருந்தும் அவர்களை அகற்ற வருகிறது. அழகு என்பது அரசியலற்றது என்று இன்னமும் நம்புகிற நம் இலக்கிய நண்பர்களுக்கு இந்த உத்தரவை வாசிக்கச் சிபாரிசு செய்கிறேன்.

இது ஏதோ அமெரிக்காவின் உள்வீட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாது. மனிதர் இல்லாத காடு என்ற சட்டகம் அங்கிருந்து கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. ரூஸ்வெல்ட் ஷெனாண்டோவை அர்ப்பணித்த அதே 1936இல்தான் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, இன்று கார்பெட் எனப்படுவது, ஹெய்லியின் பெயரில் அறிவிக்கப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973இல் புலிகள் திட்டம். 1989இல் ராமச்சந்திர குஹா, அமெரிக்காவின் 'கன்னிக்காடு'க் கருத்தை மூன்றாம் உலகில் நட்டால் அது ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்கு வளங்களை மாற்றித் தருவதாகவே முடியும் என்று எழுதினார். பிறகு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்வோருக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று அந்தச் சட்டத்தின் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது.

மாஞ்சோலையை நினைத்துப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கம்பெனி தேயிலை போட்டது. நான்கு தலைமுறை அங்கே உழைத்தது. கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர் போனது. நிலம் இன்று களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே 2024இல் கம்பெனி தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கிளப்பத் தொடங்கியது. அரசே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஷெனாண்டோவின் வாரக்குடிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது அல்ல. உழைத்தவனுக்கு நிலத்தோடு உள்ள உறவுக்குப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத உறவை எந்த நில எடுப்புச் சட்டமும் எண்ணத் தெரியாதது. வித்தியாசமும் உண்டு. அங்கே குடிகளை இறக்கியது மாநில அரசும் பூங்காத்துறையும். இங்கே ஜமீன், கம்பெனி, வனத்துறை என்று மூன்று கை மாறியிருக்கிறது. யார் வெளியேற்றினார்கள் என்று சுட்டவே முடியாதபடி ஒரு வெளியேற்றம்.

நாளைக்கு மாஞ்சோலைச் சாலையில் ஒரு வரவேற்பு நிலையம் கட்டப்படலாம். புலி, யானை, சிங்கவால் குரங்கு எல்லாவற்றுக்கும் அதில் படம் இருக்கும். எஸ்டேட் லயன்களில் பிறந்து இறந்தவர்களுக்கு ஒரு சுவர் இருக்குமா என்பது வனத்துறையின் நல்ல மனதைப் பொறுத்ததல்ல. ஷெனாண்டோவில் 300 கடிதங்கள் இருந்தன, யாரோ அவற்றைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார்கள், பேரப்பிள்ளைகள் போய்க் கதவைத் தட்டினார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, எஸ்டேட் பள்ளியின் வருகைப் பதிவேடு, சர்ச்சிலும் கோயிலிலும் எழுதிவைத்த பெயர்கள், லயன் வாசலில் எடுத்த கல்யாணப் போட்டோக்கள். இறங்கிவந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இவை இன்னும் இருக்கின்றன. கட்டுரை எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இவற்றைத் தேடித் திரட்டி, படியெடுத்து, ஓரிடத்தில் பத்திரப்படுத்தும் வேலையை நம்மில் சிலராவது இந்த ஆண்டே தொடங்க வேண்டும். காடு வளர்ந்து மூடுவதற்கு 40 ஆண்டுகள் போதும் என்று மேலே பார்த்தோம். காகிதம் அவ்வளவு நாள்கூடத் தாங்காது.